அக்காவின் விலையில்லா லேப்டாப் Vs தம்பியின் புது லேப்டாப்... எது சீக்கிரம் ஆன் ஆகும், எது நாள் முழுக்க ஓடும்?

பவர் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் பாலை வைத்து, டீ போட்டு, ஆற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் ஸ்க்ரீனில் வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா? அப்படியொரு லேப்டாப் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் பீரோ மேல் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டுவதா, எடைக்குப் போடுவதா, இல்லை இ.எம்.ஐ போட்டுப் புதுசு வாங்குவதா? ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் ஜூன் மாதம் வந்தால் இந்தப் பஞ்சாயத்து நடக்கும்.

திருவள்ளூர் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய மணவாள நகர்ப் பக்கம் இது இன்னும் கொஞ்சம் சூடாகவே நடக்கும். காரணம், இந்த ஊரைச் சுற்றித்தான் கம்ப்யூட்டர் கதையே ஓடுகிறது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், பக்கத்திலேயே இருக்கும் காக்களூரில். இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் போனால், 2007-லிருந்து டெல் கம்பெனியின் தொழிற்சாலை. ஹெச்.பி லேப்டாப்களும் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளெக்ஸ் நிறுவனம் மூலம் தயாராகின்றன. லேப்டாப் செய்யும் ஊருக்கு பஸ் போகும் ஊரில், வீட்டில் இருக்கும் லேப்டாப் ஆன் ஆக அஞ்சு நிமிஷம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே வீட்டுக்குள் மூன்று தலைமுறை அரசு லேப்டாப்கள் இருக்க வாய்ப்பு உண்டு. 2011-12 வாக்கில் ப்ளஸ் டூ படித்த அக்காவுடையது ஒன்று. 2017-19 வாக்கில் வாங்கிய அண்ணனுடையது இன்னொன்று. இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு வந்தது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து ஒரே நேரத்தில் பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதிலேயே கம்ப்யூட்டர் வேகத்தின் மொத்த ரகசியமும் இருக்கிறது.

மூன்று பெட்டி, மூன்று காலம்

அக்காவின் லேப்டாப்: டூயல் கோர் ப்ராசஸர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுமே உள்ளே இருக்கும். ஆன் செய்ததும் ‘எதுல போகணும்?’ என்று கேட்டு நிற்கும். அந்த லினக்ஸின் பெயர் பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் தெரியாமல் போய்விட்டு, ‘லேப்டாப் கெட்டுப்போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நிறைய.

அண்ணனின் லேப்டாப்: பெரும்பாலும் லெனோவாவின் இ41 வரிசை. ஏ.எம்.டி ப்ராசஸர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆனால் உள்ளே இருப்பது பழைய மாதிரியே சுற்றும் ஹார்ட் டிஸ்க். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கொரோனா காலத்தோடு திட்டம் நின்றுபோனது. அதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயிருந்தன. பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. இதில் 8 ஜிபி ரேம், இன்டெல் ஐ3 அல்லது ஏ.எம்.டி ரைசன் 3 ப்ராசஸர், விண்டோஸ் 11. முக்கியமாக, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி எஸ்.எஸ்.டி.

இப்போது மூன்றையும் ஆன் செய்தால்? எஸ்.எஸ்.டி போட்ட விண்டோஸ் லேப்டாப் பொதுவாக 15, 20 செகண்டில் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க் உள்ள விண்டோஸ் 10 லேப்டாப் ஒரு நிமிஷத்திலிருந்து இரண்டு, மூன்று நிமிஷம்கூட எடுக்கும். அதைவிட மோசம், டெஸ்க்டாப் வந்த பிறகும் அது தயாராக இருக்காது. குரோமை க்ளிக் செய்தால் கம்மென்று இருக்கும். கோபத்தில் நாலு தடவை க்ளிக் செய்தால், இரண்டு நிமிஷம் கழித்து நாலு குரோமும் ஒன்றாகத் திறக்கும். பார்த்திருப்பீர்களே!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 2011 லேப்டாப் அதன் பழைய விண்டோஸ் 7-உடன் ஆன் ஆவதைவிட, 2018 லேப்டாப் விண்டோஸ் 10-உடன் ஆன் ஆக அதிக நேரம் எடுப்பதுண்டு. புதுசு ஏன் மெதுவாக இருக்கிறது? டிஸ்க் அதே வேகம்தான், அதன் தலையில் ஏற்றிய மூட்டை மட்டும் பெரிசாகிவிட்டது.

ரேஷன் கடையும் ஹார்ட் டிஸ்க்கும்

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு சின்ன ஊசிக்கை அதன்மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கும். லேப்டாப் டிஸ்க் வழக்கமாக நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதாவது செகண்டுக்கு 90. ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். தேவையான இடம் ஊசிக்கைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதோடு கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு சின்னத் தகவலை எடுக்கவே 15 மில்லி செகண்ட் போய்விடும். செகண்டுக்கு 60, 70 தகவல்தான் எடுக்க முடியும்.

விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. ரேஷன் கடையில் ஒருவர் அரிசி கேட்டால் குடோனுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்து, சர்க்கரை கேட்டால் மறுபடி குடோனுக்கு ஓடி, பருப்புக்கு மறுபடி ஓடினால் க்யூ எப்படி இருக்கும்? அதுதான் உள்ளே நடக்கிறது. எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஒரு தகவலை எடுக்க 0.1 மில்லி செகண்டுக்கும் குறைவு. எல்லாச் சாமானும் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கிற மாதிரி.

விளம்பரத்தில் ‘செகண்டுக்கு 3,500 எம்.பி வேகம்’ என்று என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி-க்குப் போடுவார்கள். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி-யின் வேகம் 500 எம்.பி சொச்சம். ஏழு மடங்கு என்றதும் ஏழு மடங்கு சீக்கிரம் ஆன் ஆகும் என்று நினைக்க வேண்டாம். அந்த எண், பெரிய சினிமா ஃபைலை மொத்தமாக அள்ளும்போது வரும் வேகம். ஆன் ஆகும் நேரத்தில் இரண்டுக்கும் ஓரிரு செகண்ட் வித்தியாசம்தான் இருக்கும். பழைய லேப்டாப்பில் சாட்டா மட்டும்தான் போட முடியும் என்றால் வருத்தப்படவே தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி-க்கு மாறுவதுதான் பெரிய தாண்டல்.

‘ஆஃப் பண்ணேன்’ என்று நினைக்கிறீர்கள்... பண்ணவில்லை!

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. பெயர் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால், உங்கள் ஆப்கள் மூடும். ஆனால் விண்டோஸின் அடிப்படைப் பகுதி முழுதாக மூடாமல், அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடும். சீக்கிரம் ஆன் ஆகிற மாதிரி இருக்கும்.

இதனால்தான் நிறைய பேர் யூடியூபில் செய்யும் ‘எந்த லேப்டாப் ஃபாஸ்ட்’ டெஸ்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஷட் டவுன் செய்து ஆன் செய்கிறார், இன்னொருவர் ரீஸ்டார்ட் செய்கிறார். ரீஸ்டார்ட் செய்தால் மட்டுமே விண்டோஸ் முதலிலிருந்து முழுதாக ஆரம்பிக்கும்.

உங்கள் லேப்டாப்பைச் சோதித்துப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், சி.பி.யு-வுக்குக் கீழே ‘அப் டைம்’ என்று இருக்கும். தினமும் ஷட் டவுன் செய்தும் அது 12 நாள், 20 நாள் என்று காட்டினால், உங்கள் லேப்டாப் இத்தனை நாளாக முழுசாகத் தூங்கவே இல்லை. ‘ஏனோ ரெண்டு வாரமா ஸ்லோவா இருக்கு’ என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள், போதும்.

கடிகாரத்தை எப்போது நிறுத்துவது?

செல்போனில் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தும்போது ஓட விடலாம். எப்போது நிறுத்துவது? டெஸ்க்டாப் படம் தெரிந்ததும் நிறுத்தினால் அது ஏமாற்று வேலை. படத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். குரோமைத் திறந்து, நீங்கள் தினமும் போகும் ஒரு தளம் முழுதாக வந்து, ஸ்க்ரோல் செய்ய முடிகிற நொடியில் நிறுத்துங்கள். அதுதான் உண்மையான நேரம். மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து சராசரி எடுங்கள். சார்ஜரைச் செருகி ஒருமுறை, கழற்றி ஒருமுறை பாருங்கள். பல விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் ஓடும்போது தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால் கடைக்காரர் சார்ஜரைச் செருகித்தான் காட்டுவார், நீங்கள் கழற்றச் சொல்லுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்டப்’ பகுதிக்குப் போனால், ஆன் ஆகும்போதே கூடவே ஏறும் ஆப்களின் பட்டியல் இருக்கும். ஓரத்தில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஒரு எண் தெரியும். விண்டோஸ் வருவதற்கு முன்பே மதர்போர்டு எடுத்துக்கொண்ட நேரம் அது. இது மட்டும் 15, 20 செகண்ட் என்று காட்டினால், விண்டோஸை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அந்த நேரம் குறையாது.

அந்தப் பட்டியலில் இருப்பதில் பாதியை டிஸேபிள் செய்யலாம். பிரின்டர் கம்பெனி ஆப், என்றைக்கோ போட்ட கேம் லாஞ்சர், சாட் ஆப்... இதெல்லாம் ஆன் ஆகும்போதே எதற்கு? ட்ரையல் முடிந்துபோன ஆன்டி வைரஸ் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். விண்டோஸிலேயே வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். தமிழ் டைப்பிங்குக்காகத் தனி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல், 2019-லிருந்து விண்டோஸ் 10-க்குள்ளேயே தமிழ்99 கீபோர்டு இருக்கிறது.

ஆன் ஆகும் வேகம் வேறு, ஓடும் வேகம் வேறு

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அக்காவின் 2011 லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி போட்டு, லேசான லினக்ஸ் ஏற்றினால் அது சில லட்சணமான புது லேப்டாப்களுக்கு ஈடாகவே ஆன் ஆகும். வீடே கைதட்டும். யூடியூபைத் திறந்து வீடியோவை ஃபுல் ஸ்க்ரீன் ஆக்கினால்? திக்கித் திணறும்.

ஏன்? யூடியூப் இப்போது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகள் (விபி9, ஏவி1) 2011-ல் வந்த கிராஃபிக்ஸ் சிப்களுக்குத் தெரியாது. அந்தச் சிப் செய்ய வேண்டிய வேலை முழுவதும் ப்ராசஸர் தலையில் விழும். பாவம், இரண்டே கோர். ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போடும். பழைய முறையிலேயே வீடியோவைக் கேட்டு வாங்கும் ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு, அதைப் போட்டால் கொஞ்சம் மூச்சு விடும்.

சுருக்கமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆன் ஆகும் வேகத்துக்கு டிஸ்க். எத்தனை வேலையை ஒன்றாகத் திறந்து வைக்கலாம் என்பதற்கு ரேம். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு வேகமாக முடியும் என்பதற்கு ப்ராசஸர். 4 ஜிபி ரேம் உள்ள அண்ணனின் லேப்டாப்பில், விண்டோஸே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் கூகுள் மீட் ஒன்று, குரோமில் நாலு டேப் ஒன்று என்று திறந்தால் ரேம் நிரம்பி, மிச்சத்தை டிஸ்க்கில் வைக்க ஆரம்பிக்கும். அந்த டிஸ்க் சுற்றும் டிஸ்க் என்றால் கதை முடிந்தது. ஆன்லைன் தேர்வு நடுவில் ஸ்க்ரீன் உறைந்து, நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிமிஷத்தில் வரும் படபடப்பு, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் அண்ணனின் லேப்டாப்புக்கு என் சிபாரிசு: முதலில் எஸ்.எஸ்.டி, பிறகு முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரேமை மட்டும் ஏற்றி ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டால் ஆன் ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது. வாங்கும் முன் கீழ்மூடியைத் திறந்து எந்த வகை ரேம் (டிடிஆர்3-யா, டிடிஆர்4-ஆ), காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறியிருக்கிறது. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் ரேமும் எஸ்.எஸ்.டி-யும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்கும் அந்தத் தொழிலையே விடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எஸ்.எஸ்.டி விலையும் சும்மா இல்லை. அதனால் போன வருஷம் நண்பர் சொன்ன விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். திருவள்ளூரில் ஒரு கடை, மின்சார ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவில் இரண்டு கடை, ஆன்லைனில் ஒரு பார்வை என்று ஒப்பிட்டு வாங்குங்கள். பெயரே கேள்விப்படாத கம்பெனியின் ‘1 டிபி எஸ்.எஸ்.டி’ அடிமாட்டு விலைக்கு வந்தால் நகர்ந்துவிடுங்கள். பில் போட்டு, மூன்று வருஷ வாரன்டியோடு கிடைக்கும் 240 அல்லது 256 ஜிபி இந்த வேலைக்குப் போதும்.

விண்டோஸ் 10 முடிந்தது... அப்புறம்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரியிலேயே நிறுத்தியாகிவிட்டது, 2023-லிருந்து அதில் புது குரோமும் வருவதில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸர், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் என்று நிபந்தனைகள். அக்காவின் லேப்டாப் இதில் தேறாது. அண்ணனின் லேப்டாப்பும் பெரும்பாலும் தேறாது.

உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே கிடைக்கும். செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

யூடியூபில் ‘பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 போடுவது எப்படி’ என்று குறுக்கு வழி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. போட முடியும்தான். ஆனால் 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 என்பது, ஷேர் ஆட்டோவில் கல்யாண வீட்டுக் கூட்டத்தை ஏற்றுவது மாதிரி. அதைவிட லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ அல்லது லுபுன்ட்டு போட்டால் அதே பெட்டி நிம்மதியாக ஓடும். பாட வீடியோ, நான் முதல்வன் கோர்ஸ், டி.என்.பி.எஸ்.சி விண்ணப்பம், கூகுள் டாக்ஸ்... இதெல்லாம் ப்ரௌசரில் நடப்பவைதான்.

ஆனால் வேலைக்கு என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். காக்களூர் சிட்கோவிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் டாலி தெரிந்திருக்க வேண்டும். டாலி விண்டோஸில் ஓடுவது. டிப்ளமோ மெக்கானிக்கல் என்றால் ஆட்டோகேட். அதுவும் அக்காவின் லேப்டாப்பில் ஆகாது. இந்த இரண்டுக்கும் லினக்ஸ் பெட்டியை நம்பி இருக்க வேண்டாம். எக்செல், டாலி மட்டும் போதும் என்றால் அண்ணனின் லேப்டாப், எஸ்.எஸ்.டி மாற்றிய பிறகு தாராளமாகச் சமாளிக்கும். கேட் வரைய வேண்டும் என்றால் 8 ஜிபி ரேம் கட்டாயம், 16 நல்லது.

புதுசா, செகண்ட் ஹேண்டா?

புது லேப்டாப் என்றாலே வேகம் என்பது பெரிய மூடநம்பிக்கை. தள்ளுபடி விற்பனையில் ரொம்பக் குறைந்த விலைக்கு வரும் லேப்டாப்பின் விவரத்தைப் படியுங்கள். ‘செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இ.எம்.எம்.சி’ என்று இருக்கும். செலரானுக்கு இரண்டே கோர். இ.எம்.எம்.சி என்பது மெமரி கார்டின் பெரியண்ணன் மாதிரி, எஸ்.எஸ்.டி அல்ல. புதிதில் பரவாயில்லாமல் ஆன் ஆகும். ஆறு மாதத்தில் விண்டோஸ் அப்டேட்களே 64 ஜிபியை அடைத்துவிடும், பிறகு அப்டேட் செய்யவும் இடம் இருக்காது. பலவற்றில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டி இருப்பதால் மாற்றவும் முடியாது. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க அப்பா ஓவர் டைம் பார்த்த காசு, கண்ணெதிரில் வீணாவது இப்படித்தான்.

அதே பணத்துக்கு, கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வரிசை லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அதில் ஒரு விஷயம் மட்டும் பாருங்கள், ப்ராசஸர் எண்ணின் தொடக்கம். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, இரண்டு கோர். ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, நான்கு கோர். ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் பலத்தில் இரட்டிப்பு. விண்டோஸ் 11-ம் முறைப்படி கிடைக்கும். கடையில் நிற்கும்போதே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச ஆப்பை ஓட்டி, டிஸ்க்கின் ஆரோக்கியமும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் பார்க்கலாம். பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தள்ளி இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், அது ஆபத்து.

மேக்புக் பற்றி ஒரு வரி. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர், மூடியைத் திறந்த நொடியில் தயார். ஆனால் அது தூக்கத்திலிருந்து எழுவது, ஆன் ஆவது இல்லை. மேக் வைத்திருப்பவர்கள் ஷட் டவுன் செய்வதே அபூர்வம். குரோம்புக்கும் சில செகண்டிலேயே ஆன் ஆகும், விலையும் குறைவு. ஆனால் டாலியும் இல்லை, ஆட்டோகேடும் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்த மாடலுக்கு அப்டேட் எந்த வருஷம் வரை என்று பார்த்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி மாற்றும் முன்

பழைய டிஸ்க்கில் இருப்பதை முதலில் காப்பி எடுங்கள். அக்காவின் கல்யாண போட்டோ, கல்லூரி ப்ராஜெக்ட், ஸ்கேன் செய்து வைத்த மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் எல்லாம் அதில்தான் இருக்கும். ‘கடைக்காரர் பார்த்துப்பார்’ என்று விடாதீர்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு, அதைச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய், எஃப்1 அழுத்தச் சொல்கிறதா? இணையதளங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்கின்றனவா? மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. கழற்றும்போதே அதையும் மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. தொழிற்சாலைப் பக்கத்து வீடுகளில் ஃபேனில் தூசி கட்டியாக இருக்கும். சுத்தம் செய்து, ப்ராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினால் சூடு குறையும். சூடானால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் இதுவும் வேகத்துக்கான செலவுதான்.

மாற்றிய பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். நன்றாக இருந்தால், யு.எஸ்.பி கேஸ் ஒன்று வாங்கி அதில் செருகினால் 320 ஜிபியோ 500 ஜிபியோ, வீட்டு போட்டோக்களை வைக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெடி. கெட்டுப்போனது என்றாலும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். அதற்குள் இன்னும் உங்கள் ஆதார் நகல் இருக்கும்.